ஒரே ஸ்கூலா... தனித்தனி ஸ்கூலா?

குட்டீஸ், 2022ல் கேரளத்தில் 280 பெண்கள் பள்ளிகளும், 164 ஆண்கள் பள்ளிகளும் இருந்தன. "2023 - 24ம் கல்வியாண்டு முதல், எல்லாவற்றிலும் இரு பாலரும் சேர்ந்து படிக்க வேண்டும்' என்று, 2022 ஜூலையில் அம்மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் உத்தரவிட்டது.

அரசோ, "அவசரம் வேண்டாம், பெற்றோர் - ஆசிரியர் கழகமும், உள்ளாட்சியும் சம்மதிக்கும் பள்ளிகளை மாற்றலாம்' என்றது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சேர்ந்து படித்தால் கூச்சம் போகும். ஒருவரையொருவர் மதிக்கப் பழகலாம். ஆனால், "பெண்கள் பள்ளி' என்பதால் மட்டுமே மகளை அனுப்பும் பெற்றோரும் இருக்கின்றனர். பள்ளி மாறியதும் அவள் படிப்பு நின்றுவிடக் கூடாதே!

தாழ்ப்பாளும், தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். அது பெரியவர்கள் வேலை. கேலி செய்யாத வகுப்பு வேண்டும். அது உங்கள் கையில்தான், குட்டீஸ்!