எதிரிச் சொத்தும் இந்தியப் பிரஜையும்

ஒருவர் இந்தியாவிலேயே பிறந்தார்; இங்கேயே வரி கட்டுகிறார்; இங்கேயே ஓட்டுப் போடுகிறார். அவருடைய தகப்பனார் பல ஆண்டுகளுக்கு முன் பாகிஸ்தான் பிரஜையாகிவிட்டார். தகப்பனார் இங்கே விட்டுப்போன வீடு மகனுக்குச் சேருமா? சேராது என்கிறது 2017-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய எதிரிச் சொத்துத் திருத்தச் சட்டம். சொத்து விஷயத்தில் இந்தியப் பிரஜையான அந்த மகனும் ‘எதிரி’ என்ற சொல்லுக்குள் அடங்குவார்!

இது ஏதோ நாலைந்து வீடுகளைப் பற்றிய விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023-இல் வெளியான சர்க்கார் கணக்குப்படி நாட்டில் 12,611 எதிரிச் சொத்துக்கள் இருந்தன. பாகிஸ்தான் பிரஜைகளானவர்கள் விட்டுச்சென்றவை 12,485. சீனப் பிரஜைகளானவர்கள் விட்டுச்சென்றவை 126. இவற்றின் மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பாதியளவு உத்தரப்பிரதேசத்தில் உள்ளது. மகாராஷ்டிரத்தில் 208, தமிழ்நாட்டிலும் 67 உண்டு.

யுத்த காலத்தில் எதிரி நாட்டாரின் சொத்தைச் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொள்வது உலக வழக்கம். 1962 சீன யுத்தத்தின்போதும், 1965 பாகிஸ்தான் யுத்தத்தின்போதும் இந்தியா அதைத்தான் செய்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரு தரப்பும் எடுத்துக்கொண்ட சொத்துக்களைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவதென்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. 1971-இல் பாகிஸ்தான் தன் வசமிருந்த இந்தியர் சொத்துக்களை விற்றுத் தீர்த்தது. இந்தியாவோ 1968-இல் சட்டம் இயற்றி, கஸ்டோடியன் என்னும் அதிகாரியிடம் சொத்துக்களை ஒப்படைத்தது. கஸ்டோடியன் என்றால் காப்பாளர். காப்பாளர் சொந்தக்காரர் ஆகமாட்டார் என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

இந்த விவகாரத்தில் பெயர்பெற்ற வழக்கு மஹ்மூதாபாத் ராஜா குடும்பத்தினுடையது. லக்னோ, சீதாபூர், நைனிதால் ஆகிய ஊர்களில் அவர்களுக்குப் பெரும் சொத்துக்கள் இருந்தன. ராஜா 1957-இல் பாகிஸ்தான் பிரஜையானார். 1973-இல் லண்டனில் காலமானார். அவருடைய மனைவியும் மகனும் இந்தியப் பிரஜைகளாக இங்கேயே இருந்தனர். மகன் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படியேறி, 2005 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். இந்தியப் பிரஜையான வாரிசு எதிரி ஆகமாட்டார் என்று தீர்ப்பாயிற்று.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2010-இல் ஓர் அவசரச் சட்டம் வந்து காலாவதியாயிற்று. 2016-இல் அவசரச் சட்டம் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. 2017-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. வாரிசு எந்த நாட்டுப் பிரஜையாக இருந்தாலும் எதிரிச் சொத்து அவருக்கு இறங்காது. இது 1968 முதலே அமலில் இருந்ததாகக் கருதப்படும். சிவில் கோர்ட்டுகள் இதில் தலையிட முடியாது என்று அது விதித்தது. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றி, தோற்றவரை ஜெயித்தவராக அறிவித்தால் அதற்கு என்ன பெயர்? ராஜாவின் மகன் 2023-இல் காலமானார்.

சட்டத்தை ஆதரிப்போர் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். பாகிஸ்தான் விற்றுவிட்டதே, இந்தியா மட்டும் ஏன் திருப்பித் தரவேண்டும் என்பது முதலாவது. பாகிஸ்தான் பிரஜை வந்து கேட்டால் இதைச் சொல்லலாம். கேட்பவர் இந்தியப் பிரஜை ஆயிற்றே! அயல்நாட்டுச் சர்க்கார் செய்த தவறுக்குச் சொந்த நாட்டுப் பிரஜையிடம் ஈடு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

தேசப் பாதுகாப்பு என்பது இரண்டாவது. வாரிசு பகைவருக்கு உதவியதாகச் சந்தேகம் இருந்தால் வழக்குப் போடட்டும், நிரூபிக்கட்டும். பிறப்பை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பதால் எல்லை பலப்படாது.

ராஜாக்களின் சொத்துக்கு ஏழை ஜனங்கள் ஏன் பரிந்துபேச வேண்டும் என்பது மூன்றாவது. பெரிய நிலச் சொத்தைக் குறைக்க நில உச்சவரம்புச் சட்டம் இருக்கிறது. அது ராஜாவுக்கும் மிராசுதாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். இந்தச் சட்டமோ அரண்மனையையும் சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டையும் ஒரே தராசில் நிறுக்கிறது.

எல்லை மாறினால் சொத்து என்னவாகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் சுமார் கால் பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1948-இல் பர்மா நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1964-இல் கடைகள் பறிபோயின; 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமற் போயின. பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வெறுங்கையோடு கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காக எழுந்ததே. அந்தச் செயலை அநியாயம் என்று சொல்லும் வாய், இங்கே நடப்பதை நியாயம் என்று சொல்லக் கூடாது. பர்மா அவர்களை அந்நியர் என்று சொல்லிப் பறித்தது. இங்கே சொந்தப் பிரஜையிடமே பறிக்கப்படுகிறது.

சொத்துரிமை 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உண்மை. ஆனால் சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு இன்னும் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் லக்னோ மாநகராட்சியின் வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. கஸ்டோடியனிடம் இருப்பதாலேயே எதிரிச் சொத்து மத்திய சர்க்காரின் சொத்தாகிவிடாது, ஆகவே மாநகராட்சிக்கு வரி கட்டவேண்டும் என்பதே அது. சொந்தக்காரர் அல்லாதவர் விற்பனையில் அவசரம் காட்டுவானேன்?

மத்திய சர்க்கார் செய்யவேண்டியது அதிகமில்லை. இந்தியப் பிரஜையான வாரிசை ‘எதிரி’ என்ற சொல்லிலிருந்து நீக்கவேண்டும். உரிமை கோருபவருக்குச் சிவில் கோர்ட்டின் கதவைத் திறந்துவிட வேண்டும். கோரிக்கை விசாரித்து முடியும்வரை அந்தச் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது. தகப்பன் எந்த நாட்டுக்குப் போனான் என்று பார்த்து மகனுக்குத் தீர்ப்பெழுதுவது குடியரசுக்கு அழகல்ல.