நிலத்தை அடகு வைக்கும் முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததுமே நம் காலனிகளுக்குத் தனியார் விடுதிப் பள்ளிகளின் ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டைத் தேடிப் பிடித்து, டாக்டர் சீட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஆசை காட்டுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் அரை ஏக்கர் நிலத்தையோ, காதில் கிடக்கும் தோட்டையோ அடகு வைத்து இரண்டு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் துணிகிறார்கள். போதாததற்கு வட்டிக்காரரிடம் போகிறார்கள். இத்தனையும் கொடுத்து வாங்குவது நல்ல கல்லூரியில் ஓர் இடத்தைத்தானா என்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

பெயர்பெற்ற தனியார் பள்ளிகளிலிருந்து நிறையப் பேர் பெரிய கல்லூரிகளுக்குப் போவது உண்மை. ஆனால் அங்கே சேருகிறவர்கள் யார்? ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், படித்த பெற்றோரின் பிள்ளைகள், டியூஷனுக்கும் பயிற்சி மையத்துக்கும் தனியே செலவு செய்யக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். வாசலிலேயே பொறுக்கி எடுத்துவிட்டு, விளைச்சல் எங்களுடையது என்று பிளெக்ஸ் வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் புகழ்பெற்ற பள்ளிகள் உண்டு. அவை அரசுப் பள்ளிகள்தான் என்றாலும், இடம் கிடைக்கப் போட்டி கடுமை. அங்கே நூலிழையில் இடம் பிடித்தவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வுகளில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நம் பக்கத்து ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் சில குழந்தைகளைத் தனியார் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை முந்தவில்லை. இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை.

அப்படியானால் தனியார் பள்ளியால் பயனே இல்லையா? உண்டு. எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார். வாரந்தோறும் தேர்வு நடக்கிறது. எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் அந்தப் பயனும் தேர்வு முறையோடு கட்டுண்டது. பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கொடுத்த காலத்தில் நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் கொடி உயரப் பறந்தது. பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் பல. 2017இல் நீட் வந்ததும் அந்த மாவட்டத்திலிருந்து மருத்துவம் சேர்வோர் எண்ணிக்கை சரிந்தது. அதே ஆண்டில்தான் 1,176 மதிப்பெண் எடுத்த அரியலூர் மாணவி அனிதாவை நாம் இழந்தோம். இப்போது லாபம் நீட் பயிற்சி மையங்களுக்குப் போகிறது.

பள்ளியை மாற்றுவதால் நாம் இழப்பது என்ன என்பதைப் பள்ளி ஆட்கள் சொல்வதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடக்கம். இந்த 7.5 சதவீதத்துக்குள்ளும் நமக்கான 18 சதவீதம் உண்டு. அதில் அருந்ததியர்க்கு 3 சதவீதம் உண்டு. இப்படி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் 1-க்குத் தனியார் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குச் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு தொடரும், 7.5 சதவீத உரிமை அன்றோடு போய்விடும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கை நழுவும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, இலவசமாகக் கிடைக்கவிருந்த வாய்ப்பைத் தொலைத்த கதையாகிவிடும்.

இதைச் சொல்வது அரசுப் பள்ளிகள் நன்றாக நடக்கின்றன என்று சான்றிதழ் கொடுப்பதற்காக அல்ல. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல், ஆய்வகம் பூட்டியே கிடக்க, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளியில் பிள்ளையை விட்டுவைக்கச் சொன்னால் எந்தத் தாய் கேட்பாள்? தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைச் சீராக்காமல், ஒன்றிய அரசின் ஸ்ரேஷ்டா திட்டம் போல, நாடு முழுவதிலும் ஆண்டுக்கு 3,000 பட்டியலின மாணவர்களைத் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்புவது மட்டும் போதாது. கரையேறும் சிலருக்காக மகிழலாம். மீதிப் பேரின் கதி என்ன?

அரசு மனம் வைத்தால் முடியும். அண்ணல் அம்பேத்கர் படித்த பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி ஓர் அரசுப் பள்ளி. இன்று மாவட்டந்தோறும் உள்ள மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஐஐடிக்கும் என்ஐடிக்கும் போகிறார்கள். அங்கே கொடுக்கும் ஆசிரியரையும் பயிற்சியையும் வழிகாட்டலையும் ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் கொடுக்க என்ன தடை? காலிப் பணியிடங்களை ஜூன் மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் மாலை நேரத்தில் பாட ஆசிரியர் இருக்க வேண்டும். 7.5 சதவீத விதிகளைப் பத்தாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் என்னென்ன பிரிவு இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று நேரில் போய் விசாரியுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒரு வீட்டுக் கடன் ஒரு பிள்ளைக்குத்தான் உதவும், அதுவும் நிச்சயமில்லை. மனுவுக்கு ஓர் ஆசிரியர் வந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது உதவும்.