நஞ்சா, மருந்தா? ஆய்வே தீர்ப்புச் சொல்லட்டும்

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் முகம் சுளிப்பர். அந்நிய மண்ணில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு இந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் அச்சம் ஆராய்ச்சிக்குத் தடையாகுமானால் அதனால் துன்புறுவோர் நோயாளிகளே. 2023 மார்ச் மாதத்தில், தமது 92 ஆவது வயதில் காலமான இஸ்ரேலிய இரசாயனவியல் பேராசிரியர் ரஃபேல் மெஷூலம் அவர்களின் ஆய்வு வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

அவரும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவரே. 1930 இல் பல்கேரியாவின் சோபியா நகரில் யூத வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யுத்த காலத்தில் தந்தையார் தடுப்புமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். 1949 இல் அக்குடும்பம் இஸ்ரேலில் குடியேறியது.

அபினியிலிருந்து மோர்பினும் கொக்கா இலையிலிருந்து கொக்கெயினும் 19 ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் கஞ்சாவில் போதை தரும் பொருள் எதுவென்பது 1960 களின் தொடக்கத்திலும் தெளிவாகவில்லை. இதனை ஆராய முற்பட்ட மெஷூலம், பொலிசார் கைப்பற்றி வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷைக் கேட்டுப் பெற்று, பஸ்ஸிலேயே ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். 1963 இல் சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியோலின் அமைப்பை அவரது குழு வெளியிட்டது. மறு ஆண்டில், யெஹியேல் காவோனியுடன் இணைந்து, போதைக்குக் காரணமான ரி.எச்.சி. என்ற பொருளைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பையும் அறிவித்தார்.

பின்னர் அவரது ஆய்வு செடியிலிருந்து மனித உடலை நோக்கித் திரும்பியது. ரி.எச்.சி. சென்று பற்றும் ஏற்பி மூளையில் உண்டென 1988 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அப்படியாயின் அந்த ஏற்பிக்கென உடல் தானே சுரக்கும் பொருளும் இருக்கவேண்டும் அல்லவா? ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மெஷூலத்தின் குழு 1992 இல் அதனைக் கண்டுபிடித்தது. எமக்கும் பழகிய 'ஆனந்தம்' என்ற வடசொல்லைக்கொண்டே அதற்கு 'ஆனந்தமைட்' எனப் பெயரிட்டனர்.

இவற்றினும் முக்கியமானது இன்னொரு வரலாறு. பிரேசில் நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் 1980 இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். சி.பி.டி. பெற்ற வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேரில் நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ நின்றது. வேறு மூவருக்கு ஓரளவு குறைந்தது. சி.பி.டி. போதை தராத பொருள். இருந்தும் பெரும் பரிசோதனைகள் மிகத் தாமதமாகவே நடந்தன. சிறுவர்களைத் தாக்கும் இரு கடும் வலிப்பு நோய்களுக்கான மருந்தாக அது அமெரிக்காவில் ஏற்கப்பட்டது 2018 இல். ஐரோப்பாவில் 2019 இல். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் வலிப்பால் துடித்திருப்பார்கள்!

இன்று நிலைமை மறுபுறம் சாய்ந்துள்ளது. 2018 அக்டோபரில் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயது வந்தோர் சிறு அளவில் வைத்திருக்க அனுமதித்தது. சி.பி.டி. எண்ணெய் சர்வரோக நிவாரணியாகக் கடைகளில் விலைபேசப்படுகின்றது. இதுவும் ஆய்வுக்கு மாறானதே. வைத்தியர் தரும் மருந்து அளவும் தூய்மையும் உறுதி செய்யப்பட்டது. கடை எண்ணெய்க்கு அந்த உறுதி இல்லை. சி.பி.டி.யும் ஈரலைப் பாதிக்கலாம்; வேறு வலிப்பு மருந்துகளோடு முரண்படலாம். ரி.எச்.சி. மிகுந்த கஞ்சாவோ இளவயதினரின் மனநலத்துக்குத் தீங்கு விளைக்கவல்லது.

ஆகவே எம்மவர் செய்யவேண்டியது யாது? வலிப்பாலோ தீரா வலியாலோ வாடும் ஒருவர் வீட்டிலிருந்தால், வைத்தியரிடம் இதுபற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அயலவர் சொற்கேட்டுக் கடைக்கு ஓடவும் வேண்டாம். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் தாம் வாழும் நாட்டின் சட்டத்தைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்டது எல்லையைக் கடந்ததும் குற்றமாகலாம். அக்குற்றம் விண்ணப்பத்தையே பாதிக்கலாம்.

பிள்ளைகளிடமும் இவ்விடயத்தை மறைக்காது பேசுவோம். எதற்கு, எவருக்கு, எவ்வளவு என்று கேட்டு ஆராய்வதிலேயே மெஷூலம் அறுபது ஆண்டுகளைச் செலவிட்டார். அந்தக் கேள்விகளை நாமும் கேட்கப் பழகுவோம்.