குறைத்து உண்பதா, மாற்றி உண்பதா?

உடல் பருத்தவர் ஒருவரைக் கண்டால், "ஆகாரத்தைக் குறையுங்கள்" என்று புத்தி சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் இந்த ஒரே வாக்கியம் நாள்தோறும் சொல்லப்படுகிறது. வெறும் கணக்கின்படி பார்த்தால் அதில் பிழை இல்லை. ஆயினும் நம் நாட்டு மக்களின் உணவு முறையை அறிந்தவர்கள் அதை அப்படியே வழங்கலாகாது என்பது என் கருத்து. பருத்த உடலுக்குள்ளேயே சத்துக் குறைவும் குடியிருக்கும் நாடு நம்முடையது. "குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஏழைக் குடும்பத்தில் முதலில் கைவிடப்படுவது விலை கூடிய பருப்பும் பாலும் காய்கறியுமாக இருக்கக் கூடும். எனவே நாம் சொல்ல வேண்டிய சொல் "மாற்றுங்கள்" என்பதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்துவதற்கு வேண்டிய உஷ்ணமே உணவு நூல்களில் கலோரி என்று வழங்கப்படுகிறது. ஒரு கிராம் மாவுச் சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். உடல் செலவிடுவதைவிட அதிகம் உட்கொண்டால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். குறைவாக உட்கொண்டால் சேர்ந்தது கரையும். இந்த நியதிக்கு விலக்குப் பெற்றவர் எவரும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்பவராயின் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். கடும் உழைப்பாளியாயின் 2,720 கலோரி வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஆயிரத்துக்கும் மேல். நீர் இறைத்தல், மாவு அரைத்தல், நெடுந்தூரம் நடத்தல் ஆகிய வேலைகளைக் குழாயும் இயந்திரமும் வண்டியும் ஏற்றுக்கொண்டுவிட்ட வீடுகளில் உழைப்புக் குறைந்துவிட்டது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. உடல் பருமனின் பெரும் பகுதிக்கு இது காரணம் எனலாம்.

நம் நாட்டில் கலோரிக் கணக்கு பருமனைக் குறைப்பதற்காகப் பிறந்ததன்று. பசியை அளப்பதற்காகப் பிறந்தது. 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அளவுகளை அட்டவணையாக வெளியிட்டார். 1979-இல் வறுமைக் கோட்டை வகுத்த குழுவும் கிராமத்தாருக்கு 2,400, நகரத்தாருக்கு 2,100 கலோரி என்பதையே அடிப்படையாகக் கொண்டது. வயிறு நிறைந்ததா என்பதே அன்றைய கேள்வி; அதற்குக் கலோரி தக்க அளவுகோலாக இருந்தது.

இன்றைய கேள்வி அவ்வளவு எளிதன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24 சதவீதம் பேர் மிகை எடை உடையவர்கள், 18.7 சதவீதம் பேர் எடைக் குறைவானவர்கள். 57 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால், மிகை எடையும் இரத்த சோகையும் தனித்தனிக் கூட்டத்தாரைப் பற்றிய செய்திகள் அல்ல என்பது விளங்கும். ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கலாம். அவளுக்குக் கலோரி மிகை. இரும்புச் சத்து குறை. அவளிடம் "குறைத்து உண்" என்று மட்டும் சொல்வது ஒரு குறையை நீக்கி மற்றொன்றை வளர்ப்பதாகும்.

தராசும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. 2004-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் அதில் அருகருகே நிற்கின்றனர். எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடப்படும் உடல் நிறைக் குறியெண் இருவருக்கும் 22.3-தான். ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலிலோ 21.2 சதவீதம். மெலிந்து தோன்றும் இந்தியர் பலரது வயிற்றுக்குள் கொழுப்பு மறைந்திருக்கக் கூடும் என்பதை அப்படம் உலகுக்கு உணர்த்தியது. இக்காரணத்தாலேயே மேனாட்டார் 25 என்று கொண்ட மிகை எடையின் தொடக்க எல்லையை நம்மவருக்கு 23 என்று நம் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை வேண்டும். நாட்டில் நீரிழிவு நோயுற்றோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணித்திருப்பதை நினைத்தால், இந்த எச்சரிக்கை மிகையாகாது.

இனித் தட்டுக்கு வருவோம். ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், 2,000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவில் தானியம் 250 கிராம், பருப்பு முதலியன 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கடலை முதலிய கொட்டைகள் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று வகுத்துள்ளன. நம் தட்டிலோ தானியமே மேலோங்கி நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண் ஒருவர் நாள்தோறும் 400 கிராம் அரிசியும், 45 கிராம் எண்ணெயும், 40 கிராம் சர்க்கரையும், 25 கிராம் பருப்பும் உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவற்றிலேயே ஏறத்தாழ 2,050 கலோரி ஆகிவிடுகிறது. அரிசியில் 100 கிராமும், எண்ணெயில் 15 கிராமும், சர்க்கரையில் 20 கிராமும் குறைத்து, பருப்பை 50 கிராமும், காய்கறியை 200 கிராமும், நிலக்கடலையை 20 கிராமும் கூட்டினால், மொத்தத்தில் 240 கலோரி அளவு குறைகிறது. புரதமோ 8 கிராமுக்குக் குறையாமல் கூடுகிறது. வயிறும் நிறைகிறது. குறைப்புக்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

"எதை உண்டால் என்ன, மொத்தக் கலோரி குறைந்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. மொத்தம் குறைய வேண்டும் என்பது மெய்யே. ஆனால் எதை உண்கிறோம் என்பதே எவ்வளவு உண்போம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அமெரிக்க தேசியச் சுகாதார நிலையங்களில் 2019-இல் வெளியான பரிசோதனையில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதனிடப்பட்ட உணவும், இரண்டு வாரம் எளிய இயற்கை உணவும் வழங்கப்பட்டன. இரண்டிலும் பரிமாறிய கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் சமமே. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, எடையும் கூடினர்; மற்றதில் எடை குறைந்தனர்.

பட்டினியும் வழியாகாது. 1944–45-இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய பரிசோதனையில், 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப் பட்டினி இருந்தனர். எடை குறைந்தது, அத்துடன் உடலின் உஷ்ணச் செலவும் குறைந்தது, மனமோ எந்நேரமும் உணவையே நாடியது. திடீரெனக் குறைத்த எடை பலருக்குத் திரும்பி வருவதன் காரணம் இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

பருப்பும் பழமும் விலை அதிகம், மாற்றுவது எளிதா என்ற கேள்வி நியாயமானது. அதை நாம் மழுப்பலாகாது. எண்ணெயிலும் சர்க்கரையிலும் மிச்சமாகும் பணம் பருப்பின் விலையில் ஒரு பங்கை ஈடுசெய்யுமேயன்றி முழுவதையும் அன்று. நியாய விலைக் கடை வழியாக நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாக வழங்கும் நாடு, பசியை வெல்வதில் பெரும் பணி ஆற்றியிருக்கிறது. அடுத்த படி, அத்துடன் பருப்பையும் நாடெங்கும் சேர்த்து வழங்குவதேயாகும். தட்டை மாற்றும் பொறுப்பு முழுவதையும் உண்பவர் தலையில் சுமத்துவது நீதியன்று.

எனினும் களப் பணியாளர் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. எடைத் தராசுடன் ஓர் அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்; பெரியவர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு மூன்றரை லிட்டர் போதும். தட்டில் பாதி காய்கறியும் கனியுமாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகளிடமும், பாலூட்டும் தாய்மாரிடமும், வளரும் குழந்தைகளிடமும் "குறை" என்ற சொல்லை உச்சரிக்கவே வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கலந்த பின்னரே உணவைப் பெரிதும் மாற்ற வேண்டும்.

ஆசிரியர்களுக்குப் பாடம் மதிய உணவுக் கூடத்திலேயே இருக்கிறது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை மாணவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்பது திட்டத்தின் விதி. கலோரியையும் புரதத்தையும் இணைத்தே கூறும் அவ்விதியில் இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அடங்கியுள்ளது. சர்க்கரையின் அளவைக் காட்டும் பலகையைப் பள்ளியில் வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் பணித்தது. பருப்புக்கும் கீரைக்கும் ஒரு பலகை அதனருகே வைக்கப்படுமாயின், எதை விலக்குவது என்பதோடு எதைச் சேர்ப்பது என்பதையும் மாணவர் கற்பர்.

எடை மெல்லத்தான் குறையும். சில மாதங்களில் ஓரிடத்தில் நிற்கவும் செய்யும். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. இடுப்புச் சுற்றளவு குறைந்து, இரத்த சோகை நீங்கி, சலிப்பின்றி வேலை செய்ய முடிகிறதென்றால், அந்த மாற்றம் பலன் தந்துவிட்டது என்று கொள்ளலாம்.