எந்தச் சொல்? எந்த இடம்?

நம் உயர்நிலை வகுப்பு மாணவியரின் கட்டுரை ஏடுகளை அடுக்கி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். ஏடுகள் நாற்பது, கட்டுரையோ ஒன்றுதான். ‘மரம் வளர்ப்போம்’ என்பது தலைப்பானால், நாற்பது முன்னுரைகளும் மரத்தின் பெருமையைப் போற்றித் தொடங்கும். நாற்பது முடிவுரைகளும் ‘நாமும் மரம் வளர்த்து நாட்டை வளமாக்குவோமாக’ என்று முடியும். இடையிலே குறுந்தலைப்புகள்; அவற்றின்கீழ் அழகான அடிக்கோடுகள். எழுத்துப் பிழை இல்லை; சந்திப் பிழையும் அரிது. ஆயினும், எழுதியவள் யார் என்பதை அறிய ஏட்டின் அட்டையைத்தான் பார்க்க வேண்டும். அவள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரம் அந்தக் கட்டுரைக்குள் ஓரிடத்திலும் நிழல் தருவதில்லை.

இதனை மாணவியரின் சோம்பல் என்று சொல்வது நியாயமன்று. மனப்பாடம் செய்வதற்கும் உழைப்பு வேண்டும். நம் பெண்கள் அதில் சளைத்தவர்கள் அல்லர். குறை, காலங்காலமாகப் பழகிவிட்ட பயிற்சி முறையில் இருக்கிறது. கட்டுரைக்கு மூன்று பகுதிகள் உண்டு என்று கற்பிக்கிறோம். பிழையின்றி எழுதக் கற்பிக்கிறோம். இவை வேண்டியவையே. ஆனால் எழுத்துக்கு உயிர் கொடுக்கும் இரண்டு கேள்விகளை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தக் கருத்துக்கு எந்தச் சொல் பொருந்தும்? அந்தச் சொல்லுக்கு எந்த இடம் பொருந்தும்? உயர்நிலைப் பள்ளியில் கட்டுரைப் பயிற்சி என்பது முதன்மையாக இவ்விரு கேள்விகளின் பயிற்சியாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘நல்ல தமிழில் எழுதுக’ என்றதும் மாணவி என்ன செய்கிறாள்? ‘சொன்னாள்’ என்பதை அடித்துவிட்டு ‘நவின்றாள்’ என்று எழுதுகிறாள். அடுத்த வரியில் ‘இயம்பினாள்’; அதற்கடுத்த வரியில் ‘பகர்ந்தாள்’. கட்டுரை உயர்ந்துவிட்டது என்று மகிழ்கிறாள். கதையில் பசித்த குழந்தையொன்று தாயிடம் சோறு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பசிக்கிறது அம்மா என்று குழந்தை நவின்றது’ என்றால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ‘அடம்பிடித்தது’ என்றால் ஒரு குழந்தை தெரிகிறது. ‘கெஞ்சியது’ என்றால் வேறொரு குழந்தை. ‘முனகியது’ என்றாலோ நெஞ்சு திடுக்கிடுகிறது; அது நேற்றும் சாப்பிடாத குழந்தை. சொல் அரியதா எளியதா என்பதன்று கேள்வி. அது பார்த்ததைக் காட்டுகிறதா என்பதே கேள்வி.

இந்த வகையில் நம் மொழியைப்போல் கைகொடுக்கும் மொழி கிடைத்தது நம் பேறு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் பிறப்பு முதல் உதிர்வு வரை தமிழில் பெயர் உண்டு. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை என்று வேறுபாடும் உண்டு. பானையை வனைகிறோம், பாயை முடைகிறோம், கூரையை வேய்கிறோம், சுவரை எழுப்புகிறோம். இத்தனை வினைச்சொற்களையும் ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் ‘செய்தார்கள்’ என்ற ஒரே சொல்லால் எழுதும் மாணவிக்கு அந்தக் கைத்தொழில்களின் வேற்றுமையும் மெல்ல மெல்ல மறந்துபோகும். குயவர் கையும் கொத்தனார் கையும் அவளுக்கு ஒன்றாகிவிடும்.

இத்தாலியில் பிறந்து இங்கு வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தார். அதுவரை சொற்பொருள் அறிய விரும்பியோர் செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக்கி, தேடுவோர்க்கு வழி திறந்தார். நம் நூலகத்து அகராதியைத் திறக்கும் ஒவ்வொரு மாணவியும் அந்த உழைப்பின் பயனைப் பெறுகிறாள். ஆனால் அகராதியைத் திறப்பது இன்னும் கடினமான சொல்லைத் தேடுவதற்காக அன்று. இன்னும் சரியான சொல்லைத் தேடுவதற்காக.

பெரிய சொற்கள் மட்டுமன்று, ஓரெழுத்து ஈரெழுத்து இடைச்சொற்களும் பொருளையே மாற்றிவிடும். ‘கமலா வந்தாள்’ என்பது செய்தி. ‘கமலாவும் வந்தாள்’ என்றால் அவளுக்கு முன்னே பிறரும் வந்திருக்கிறார்கள். ‘கமலாவே வந்தாள்’ என்றால் நாம் எதிர்பாராத ஒருத்தி வந்திருக்கிறாள். ‘கமலாவாவது வந்தாளே’ என்றால் வரவேண்டிய மற்றவர்கள் வரவில்லை என்ற வருத்தம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டென்று நன்னூல் கூறுவதைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். மறுநாள் கட்டுரை எழுதும்போது அதனை நினைப்பதில்லை. இலக்கண வகுப்புக்கும் கட்டுரை வகுப்புக்கும் நடுவே எழுப்பிவிட்ட இந்தச் சுவரை இடித்தாலே பாதிப் பயன் கிட்டும்.

இனி, இடம். ‘வயது முதிர்ந்த மாணவியின் பாட்டி விழாவுக்கு வந்திருந்தார்’ என்று ஒருத்தி எழுதுகிறாள். வயது முதிர்ந்தவர் மாணவியா, பாட்டியா? ‘மாணவியின் வயது முதிர்ந்த பாட்டி’ என்று இரண்டு சொற்களை இடம் மாற்றினால் மாணவி இளமையைத் திரும்பப் பெறுகிறாள். புதுச்சொல் எதுவும் சேர்க்கவில்லை. பழைய சொற்களுக்கு உரிய நாற்காலியைக் கொடுத்தோம், அவ்வளவே.

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவது இயல்பு. அந்த இயல்பை எப்போது மீறலாம் என்பதைக் கம்பரிடம் கற்கலாம். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், காத்திருக்கும் இராமனிடம் செய்தி சொல்கிறான். சீதையின் பெயரை முதலில் சொன்னால், அடுத்து வருவது நல்ல செய்தியோ தீய செய்தியோ என்று கேட்பவர் உள்ளம் அந்த ஒரு நொடியிலும் துடிக்கும். ஆகவே, கண்டுவிட்டேன் என்னும் வினையை முதலில் வைத்துப் பேசுகிறான். சொல்லின் இடத்தை மாற்றுவது அணிக்காக அன்று, கேட்பவர் மேல் கொண்ட அன்புக்காக என்பதை மாணவியர் உணர்ந்துவிட்டால், வாக்கிய அமைப்பு என்பது அவர்களுக்கு வெறும் இலக்கணமாகத் தோன்றாது.

இதிலே ஒழுக்கமும் கலந்திருக்கிறது. வீட்டில் கண்ணாடிக் குவளை உடைகிறது. ‘குவளை உடைந்துவிட்டது’ என்றும் சொல்லலாம். ‘குவளையை உடைத்துவிட்டேன்’ என்றும் சொல்லலாம். முதல் வாக்கியத்தில் குவளை தானே போய் உடைந்துகொண்டது! இரண்டாவதில்தான் உடைத்தவர் நிற்கிறார். மரத்தைப் பற்றிய கட்டுரைகளுக்கு மீண்டும் வருவோம். ‘மரங்கள் வெட்டப்படுகின்றன, ஆறுகள் மாசுபடுத்தப்படுகின்றன, தண்ணீர் வீணாக்கப்படுகிறது.’ வெட்டுபவர் யார்? மாசுபடுத்துபவர் யார்? வீணாக்குபவர் யார்? செயப்பாட்டு வினையின் பின்னே எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். ‘எங்கள் வீட்டுக் குழாயை நாங்கள் சரியாக மூடுவதில்லை’ என்று ஒரு மாணவி எழுதட்டும். கட்டுரை அங்கேதான் உண்மையாகத் தொடங்குகிறது. செய்தவரை மறைத்துச் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. தோழியின் பிழையைச் சொல்லும்போது அவள் பெயரைத் தவிர்ப்பது பண்பு. ஆனால் அறியாமல் மறைப்பது வேறு, அறிந்து மறைப்பது வேறு. அந்த வேறுபாட்டை அறிவிப்பதே கல்வி.

கட்டுரை முழுவதின் அமைப்பும் இப்படித்தான். குடிநீர்க் குழாயைப் பழுது பார்த்துத் தருமாறு நகராட்சி ஆணையருக்கு எழுதும் கடிதம் நம் தேர்வுகளில் அடிக்கடி வருவது. பலரும் முதல் பத்தியில் நீரின் பெருமையை எழுதுவார்கள். இரண்டாம் பத்தியில் நகராட்சியின் புகழ். எந்தத் தெரு, எந்தக் குழாய், எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பவை கடைசி வரியில் ஒதுங்கி நிற்கும். சில வேளைகளில் அவையும் இரா. ஆணையரின் மேசையில் அத்தகைய கடிதங்கள் எத்தனை கிடக்கும்! அவர் முதலில் அறிய விரும்புவது தெருவின் பெயரை. ஆகவே அது முதலில் வரவேண்டும். பிறகு, எத்தனை வீடுகள், எத்தனை நாள்கள், பெண்கள் குடத்தோடு எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்ற விவரம். பிறகு, வேண்டுவது என்ன என்பது. இந்த வரிசையை ஆணையரின் இடத்திலிருந்து நோக்கித்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே அமைப்பு என்பது படிப்பவரை நினைத்துப் பார்ப்பது. பிறர்க்குக் காட்டும் ஒரு மரியாதை.

இவையெல்லாம் புதுமைக் கருத்துகள் என்று யாரும் அஞ்ச வேண்டா. நூலுக்குப் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் உண்டென்று பவணந்தி முனிவர் நன்னூலிலேயே வகுத்து வைத்தார். குடிநீர்க் கடிதத்தில் நீரின் பெருமை பாடுவதற்கு ‘மற்றொன்று விரித்தல்’ என்று பெயர். பொருளற்ற சொற்களை அடுக்குவது ‘வெற்றெனத் தொடுத்தல்’. முன்னுரையில் முழங்கி முடிவுரையில் மெலிவது ‘சென்று தேய்ந்திறுதல்’. வரிசையறிந்து வைப்பதோ ‘முறையின் வைப்பு’ என்னும் அழகு. ஏட்டின் ஓரத்தில் ‘நன்று’, ‘இன்னும் முயல்க’ என்று எழுதுவதற்குப் பதிலாக இந்தப் பெயர்களுள் ஒன்றை எழுதினால், தன் குறை இன்னது என்பது மாணவிக்கு விளங்கும்.

“இப்படியெல்லாம் எழுதினால் மதிப்பெண் வருமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயமே, மதிப்பெண்ணைக் கொண்டுதான் மேற்படிப்பின் கதவு திறக்கிறது. தேர்வு வேண்டும் அமைப்பை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்னுரையும் முடிவுரையும் இருக்கட்டும். அவற்றுள் இருப்பவை அவள் சொற்களாக இருக்கட்டும். மனப்பாடம் செய்தவள், வேறு தலைப்பு வந்தால் திகைத்து நிற்பாள். சொல்லைத் தேரவும் வரிசைப்படுத்தவும் பழகியவளுக்கு எந்தத் தலைப்பும் புதிதன்று. மேலும், ஆயத்தக் கட்டுரை முன்பு கடையில் விற்ற துணைநூலில் இருந்தது; இன்று கைப்பேசியில் கேட்ட நொடியில் வந்து நிற்கிறது. எல்லார்க்கும் எளிதில் கிடைப்பதை எழுதித் தருவதில் பெருமை என்ன? தன் கண்ணால் கண்டதைத் தன் சொல்லால் சொல்லும் திறன் ஒன்றுதான் கடனாகக் கிடைக்காதது.

“ஐம்பது ஏடுகளை இவ்வளவு நுணுக்கமாகத் திருத்த நேரம் ஏது?” என்பது ஆசிரியர் தரப்பின் கேள்வி. அதற்கும் வழி உண்டு. நான்கு பக்கக் கட்டுரைக்குப் பதிலாகப் பத்து வரியில் ஒரு பத்தி எழுதச் செய்யலாம். ஒரு வாரம் வினைச்சொற்களை மட்டும் பார்க்கலாம்; மறுவாரம் வாக்கியங்களின் வரிசையை மட்டும். கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை எழுதி, ஒரு சொல்லை மாற்றினால் பொருள் எப்படி மாறுகிறது என்று வகுப்பு முழுவதையும் கேட்கலாம். பத்து நிமிடம் போதும். ஒரே மழையை, பள்ளி விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியோடு ஒரு முறையும், ஒழுகும் கூரையின் கவலையோடு ஒரு முறையும் எழுதச் சொல்லலாம். ரா. பி. சேதுப்பிள்ளையின் நடையில் எதுகையும் மோனையும் கைகோத்து வருவதையும், மு. வரதராசனாரின் நடையில் சிறு சிறு வாக்கியங்கள் அமைதியாக நடப்பதையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டலாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்க அன்று. அவை எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்று கண்டறியவே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுத வேண்டிய விண்ணப்பங்களை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். “என்ன சொல்ல வருகிறாய், கண்ணு?” என்று பாட்டி கேட்டால் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று பொருள். அவரினும் நல்ல திருத்துநர் கிடைப்பது அரிது.

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, அதற்கு முன்பே ‘பெண்மதி மாலை’ இயற்றிப் பெண்கல்விக்காகக் குரல் கொடுத்தவர். அன்று பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே போராட்டமாயிருந்தது. இன்று எழுத்து நம் கையில் இருக்கிறது. அதில் பிறர் சொற்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கலாமா?

அன்பு மாணவியரே, நாளை நீங்கள் மருத்துவமனையில் நோயாளியின் நிலையைக் குறித்து வைப்பீர்கள். அலுவலகத்தில் அறிக்கை எழுதுவீர்கள். உங்களுக்கோ அண்டை வீட்டாருக்கோ நேர்ந்த அநீதியைப் புகாராக எழுத நேரலாம். அங்கே முன்னுரை தருவார் எவருமில்லை. நடந்தது என்ன, செய்தவர் யார், வேண்டுவது யாது என்று உங்கள் சொல்லே எடுத்துரைக்க வேண்டும். அதற்கான பயிற்சி இந்த வாரக் கட்டுரை ஏட்டிலேயே தொடங்கட்டும். ஒரு வரி எழுதியதும் நிறுத்துங்கள். இந்தச் சொல்தானா? இந்த இடந்தானா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தபின் அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.