அந்த நான்கு கோடி ரூபாய் யாருடையது?

கடந்த நவம்பர் 15-ஆம் தேதி இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அறிவிப்பு, சென்னை ரசிகர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. பன்னிரண்டு பருவங்கள் மஞ்சள் சட்டையில் ஆடிய ரவீந்திர ஜடேஜாவும், இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குச் செல்கிறார்கள். மாற்றாக ராஜஸ்தானின் கேப்டன் சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வருகிறார் என்பதே அச்செய்தி. திருவான்மியூர்க் கடற்கரையில் காலை நடை செல்வோரும், மாடவீதித் தேநீர்க் கடைகளில் நிற்போரும் அன்று முதல் ஒரே கேள்வியைத்தான் அலசுகிறார்கள்: லாபம் யாருக்கு, சென்னைக்கா, ராஜஸ்தானுக்கா?

அறிவிப்பில் இருந்த மூன்று எண்களைக் கூட்டிப் பார்த்தால் விடை வேறு இடத்தில் கிடைக்கிறது. சாம்சனின் ஊதியம் ரூ.18 கோடி, அது மாறவில்லை. கரனின் ரூ.2.40 கோடியும் மாறவில்லை. ஜடேஜாவின் ஊதியம் மட்டும் ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாகத் திருத்தப்பட்டிருக்கிறது. பரிமாற்றத்துக்கு முன் இந்த மூவருக்காக இரு அணிகளும் சேர்ந்து ஒதுக்கியிருந்தது ரூ.38.40 கோடி. பின்னர் அது ரூ.34.40 கோடி. சென்னையின் கையிருப்பில் ரூ.2.40 கோடி கூடியது. ராஜஸ்தானின் கையிருப்பில் ரூ.1.60 கோடி கூடியது. இரண்டும் சேர்ந்தால் சரியாக நான்கு கோடி. ஒரு அணி ஈட்டியதை மற்றோர் அணி இழக்கவில்லை. இரண்டுமே ஈட்டின, அதை ஈடுசெய்தது ஜடேஜாவின் ஊதியம்.

ஆட்டத்தின் கணக்கில் இந்தப் பரிமாற்றம் சரியானதே என்பது என் கருத்து. 2025-இல் சென்னை அணி ஆடிய 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் நின்றது. தோனிக்கு வயது 44. அவருக்குப் பின் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பது யார் என்ற கேள்வியை நிர்வாகம் பல ஆண்டுகளாக ஒத்திப்போட்டு வந்தது. சாம்சனுக்கு வயது 31. தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர், கேப்டனாக இருந்த அனுபவமும் உண்டு. ஜடேஜா 37-ஐ எட்டியவர். காயத்தால் ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே ஆடிய சாம்சன் 285 ரன்கள் எடுத்தார். 14 ஆட்டங்களிலும் ஆடிய ஜடேஜா 301 ரன்களும் 10 விக்கெட்டுகளும் எடுத்தார். அடுத்த ஐந்தாண்டுகளை மனத்தில் கொண்டு அணி அமைப்பவர் யாராயினும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

இருந்தாலும் உள்ளம் கேட்கவில்லை. 2023 இறுதி ஆட்டத்தில், அகமதாபாதில் நள்ளிரவு கடந்து, மோகித் சர்மாவின் கடைசி இரு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைத் தந்தவரை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆட்ட நாள்களில் திருவான்மியூரிலிருந்து சேப்பாக்கம் செல்லும் பறக்கும் ரயிலில் 7-ஆம் எண் சட்டைகளுக்கு அடுத்து கண்ணில் படுவது 8-ஆம் எண் சட்டைகள்தாம். அவற்றை வாங்கியவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் இல்லை என்பது வேறு விஷயம்.

வீரரின் மதிப்பை அளப்பதில் அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டம் நம்மைவிட நெடுந்தொலைவு சென்றுவிட்டது. ஒரு வீரர் இல்லாவிட்டால் எளிதில் கிடைக்கக்கூடிய மாற்று ஆளை வைத்து அணி ஆடும். அந்த மாற்று ஆளைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்பதே அங்கே அடிப்படை அளவுகோல். அதாவது மதிப்பு என்பது திறமையை மட்டும் பொறுத்ததன்று, அந்தத் திறமை வேறெங்கும் கிடைக்கிறதா என்பதையும் பொறுத்தது. பேட்டிங்கும் செய்யக்கூடிய இந்திய விக்கெட் கீப்பர் அரிது. எனவே சாம்சனின் விலை குறையவில்லை. சாம் கரனைப் பாருங்கள். 2020-இல் சென்னை அவரை ரூ.5.50 கோடிக்கு வாங்கியது. 2023 பருவத்துக்கான ஏலத்தில் பஞ்சாப் ரூ.18.50 கோடி கொடுத்தது. அதுவரை அந்தப் போட்டியில் எவருக்கும் தரப்படாத தொகை. 2025-க்கான பெரிய ஏலத்தில் அதே கரன் ரூ.2.40 கோடிக்குச் சென்னைக்குத் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய பந்துவீச்சு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடவில்லை. ஏல அரங்கில் எத்தனை கைகள் உயர்ந்தன, அந்தக் கைகளுக்குப் பின்னால் எவ்வளவு பணம் மிச்சமிருந்தது என்பதுதான் மாறியது.

டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடந்த மினி ஏலம் இதற்கு மேலும் தெளிவான சான்று. மதீஷ பதிரனா உள்ளிட்ட பலரை விடுவித்த சென்னை அணி ரூ.43.40 கோடியுடன் அரங்குக்குள் நுழைந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்தியாவுக்காக ஒருமுறைகூட ஆடாத இரண்டு இளைஞர்களுக்குக் கொடுத்தது: உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, தலா ரூ.14.20 கோடி. பிரசாந்த் வீர் இடக்கைச் சுழற்பந்து வீசும் ஆல்ரவுண்டர். ஜடேஜா விட்டுச்சென்ற இடத்துக்கு வருபவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவருடைய அடிப்படை விலை ரூ.30 இலட்சம்; வாங்கிய விலை, ஜடேஜாவின் குறைக்கப்பட்ட ஊதியத்தைவிட ரூ.20 இலட்சம் அதிகம்.

இந்த இடத்தில்தான் நான்கு கோடியின் கதை கூர்மையடைகிறது. ஜடேஜாவுக்கு ரூ.18 கோடி அதிகம், வயதாகிவிட்டது, சந்தை தன் வேலையைச் செய்திருக்கிறது என்று ஒரு சாரார் கூறுகிறார்கள். சந்தை என்றால் வாங்குவோர் பலர் இருக்க வேண்டும். பரிமாற்றப் பேச்சில் எதிரே அமர்ந்திருப்பது ஒரே ஓர் அணி. சந்தை நிர்ணயிக்கட்டும் என்றால் அவரை விடுவித்து ஏலத்துக்கு அனுப்பியிருக்கலாம். பத்து அணிகள் முன்னிலையில், அதே வகை ஆல்ரவுண்டர் ஒருவருக்கு ரூ.14.20 கோடி விழுந்த அரங்கில், ஜடேஜாவின் பெயர் அழைக்கப்பட்டிருந்தால் என்ன விழுந்திருக்கும்? ஊகம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க வழியே இல்லாமல் செய்வதுதான் பரிமாற்றம்.

அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டிருக்கலாம். வீரரின் ஒப்புதல் இன்றி ஐபிஎல்லில் பரிமாற்றம் இல்லை. தன் முதல் அணிக்கு, 2008-இல் கோப்பை வென்ற அணிக்கு, திரும்பும் ஆசையும் அவருக்கு இருந்திருக்கலாம். அதே அணியில் இருந்தபோதுதான், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியுடன் நேரடியாகப் பேசினார் என்ற காரணத்துக்காக 2010 பருவம் முழுவதும் அவர் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. அன்று அவருக்கு வயது 21. வீரர் அணியைத் தேடினால் குற்றம். அணிகள் தங்களுக்குள் வீரரைப் பற்றிப் பேசிக்கொண்டால் அது வர்த்தகம். பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சமன்பாடு பெரிதாக மாறிவிடவில்லை.

ஒப்புதல் இருந்தால் போதாதா? இதே கேள்வி பேஸ்பாலில் 2003 டிசம்பரில் எழுந்தது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸ், அன்றைக்கு அந்த ஆட்டத்திலேயே மிகப் பெரிய ஒப்பந்தத்துக்குச் சொந்தக்காரர்: பத்து ஆண்டுகளுக்கு 25 கோடியே 20 இலட்சம் டாலர். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அவரை மாற்ற இரு அணிகளும் முடிவு செய்தன. இடம் மாறுவதற்காகத் தன் ஊதியத்தில் பெருந்தொகையை விட்டுக்கொடுக்க ரோட்ரிகஸே முன்வந்தார். வீரர்கள் சங்கம் மறுத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைக்கும் எந்தத் திருத்தத்தையும் ஏற்க முடியாது என்று நின்றது. பரிமாற்றம் முறிந்தது. இரண்டு மாதங்களில் அவர் நியூயார்க் யாங்கீஸுக்குச் சென்றார்.

அந்தக் கோடீஸ்வரர்மேல் கொண்ட இரக்கத்தால் சங்கம் அப்படி நிற்கவில்லை. மிக வலிமையான வீரர் ஒருவர் இன்று விருப்பத்தோடு விட்டுக்கொடுத்தால், நாளை வலிமையற்ற நூறு பேரிடம் அதே விட்டுக்கொடுத்தல் நிபந்தனையாக நீட்டப்படும் என்பதே அதன் வாதம். இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை 1969-இல் அந்த அணி அவரைக் கேளாமலே ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியது. நான் விற்கவும் வாங்கவும் கூடிய பொருள் அல்லன் என்ற பொருள்பட அவர் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்குத் தொடுத்தார், 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதோடு முடிந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகள் ஒரே அணியில் இருந்தவரை அவருடைய ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்ற விதி வந்தது.

ஒப்புதல் என்ற ஒன்றைப் பொறுத்தவரை நம் வீரர்கள் ஃபிளட்டைவிட மேலான நிலையில் இருக்கிறார்கள். அந்த ஒப்புதலைத் தனியாக அமர்ந்து தருகிறார்கள் என்பதில்தான் குறை. 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேரம் பேச இந்தியாவில் எந்தச் சங்கமும் இல்லை. அதே நவம்பர் 15 பட்டியலில் டெல்லியிலிருந்து ராஜஸ்தானுக்கு மாறிய தென்னாப்பிரிக்கர் டோனவன் ஃபெரெய்ராவின் ஊதியம் ரூ.75 இலட்சத்திலிருந்து ரூ.1 கோடியாக உயர்ந்தது. ஏன் ஒருவருக்கு ஏற்றம், ஒருவருக்கு இறக்கம்? அறிவிப்பில் தொகை இருக்கிறது, காரணம் இல்லை. 2023-இல் ஹார்திக் பாண்டியாவை மும்பைக்கு அனுப்பியபோது குஜராத்துக்குக் கிடைத்த மாற்றுத் தொகை எவ்வளவு என்பது அதிகாரபூர்வமாக இன்றுவரை வெளியிடப்படவில்லை. அந்தத் தொகை ஊதிய உச்சவரம்பிலும் சேராது.

பதினான்கு கோடி வாங்குபவருக்காக நாம் ஏன் கண்ணீர் சிந்த வேண்டும்? சிந்த வேண்டியதில்லை. நான் நினைப்பது சாய் சுதர்சனை. ஜடேஜா கடைசி இரு பந்துகளை அடித்த அதே 2023 இறுதி ஆட்டத்தில் எதிரணிக்காக 47 பந்துகளில் 96 ரன்கள் எடுத்தவர் இந்தச் சென்னை இளைஞர். அப்போது அவருடைய ஏலத் தொகை ரூ.20 இலட்சம், ஜடேஜாவுக்கு ரூ.16 கோடி. சுதர்சனுக்கு இன்று ரூ.8.50 கோடி, 2025 பருவத்தில் 759 ரன்களுடன் போட்டியிலேயே அதிக ரன் எடுத்தவர் அவர்தான். அந்தப் பருவத்தில் ரூ.18 கோடி பெற்றவர்கள் பலர் அவருக்குக் கீழே. தன்னைத் தேர்ந்தெடுத்த அணி விடுவிக்கும் வரை வீரர் தானாக வெளியேற வழியில்லை. அணி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அவரை விடுவிக்கலாம். ஒப்பந்தம் மேலே போவதற்கு மூன்றாண்டுக் காத்திருப்பு. கீழே வருவதற்கு ஒரு நவம்பர் மாதம் போதும்.

(போகிற போக்கில் ஒன்று. சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் மூவரும் குஜராத்தில், வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில், நடராஜன் டெல்லியில். அஸ்வின் ஓய்வு பெற்று, விஜய் சங்கர் விடுவிக்கப்பட்ட பின் நம் மஞ்சள் அணியில் தமிழ்நாட்டுக்காக ஆடுபவர் குர்ஜப்னீத் சிங் மட்டுமே. இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

வெளிநாட்டு வீரர்களுக்கு மினி ஏலத்தில் வரம்பு விதிக்க வாரியத்துக்குத் தெரிந்திருக்கிறது. கேமரன் கிரீனை கொல்கத்தா ரூ.25.20 கோடிக்கு வாங்கினாலும் அவர் கையில் சேர்வது ரூ.18 கோடிதான், மீதி ரூ.7.20 கோடி வீரர் நலனுக்கென்று வாரியத்துக்குப் போகிறது. மேல்வரம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கீழ்வரம்பு வைப்பது கடினமன்று. ஏலத்திலோ தக்கவைப்பிலோ உறுதியான தொகை, அந்த ஒப்பந்தக் காலம் முடியும்வரை பரிமாற்றத்தில் குறைக்கப்படக் கூடாது, கூட்டலாம். வாங்கும் அணிக்கு அந்தத் தொகை சுமையென்றால், அனுப்பும் அணி வித்தியாசத்தை ஏற்கட்டும், அது அதன் உச்சவரம்புக் கணக்கிலும் ஏறட்டும். பேஸ்பாலில் அனுப்பும் அணி ஊதியத்தின் ஒரு பகுதியைச் சுமப்பது வாடிக்கைதான். அணிகளுக்கிடையே கைமாறும் தொகையும் வெளியிடப்படட்டும்.

தற்போதைய விதிகள் 2025 முதல் 2027 வரையிலான பருவங்களுக்கு வகுக்கப்பட்டவை. அடுத்த சுற்றுக்கான விதிகளை எழுத வாரியமும் அணி உரிமையாளர்களும் கூடும்போது, மேசையில் வீரர்களின் தரப்பிலிருந்து ஒரு நாற்காலி போடப்படுமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. சாம்சன் சேப்பாக்கத்தில் முதல் சிக்ஸரை அடித்துவிட்டால், அதைக் கேட்க நமக்கே மறந்துபோகும்.