நிச்சயமின்மையைக் காதலிக்க முதல் சில கேள்விகள்

போன மாசம் எங்கட பீடத்தில் ஒரு செயலமர்வு. வளவாளர் கொழும்பிலிருந்து வந்தவர். நல்லாப் பேசினார். "நிரந்தர வேலை என்ற காலம் முடிஞ்சுது. நிச்சயமின்மையைக் காதலியுங்கள். பாதுகாப்பைத் தேடுறவன் வளரமாட்டான்" என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு றோல்ஸும் தேத்தண்ணியும் தந்தார்கள்.

பின்னேரம் வீட்ட போனால் அப்பா முற்றத்தில் போனைக் கையில் வைச்சுக்கொண்டு இருந்தார். அப்பா மேசன். கொந்தராத்துக்காரர் ஆறு மணிக்குள் எடுத்தால் நாளைக்கு வேலை. எடுக்காவிட்டால் இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் அந்தப் போன் கிழமைக்கணக்கில் அடிக்காது. இருபத்தைந்து வருசமாக இந்த மனுசன் ஒவ்வொரு பின்னேரமும் நிச்சயமின்மையோடுதான் குடித்தனம் நடத்துகிறார். அவருக்கு ஒருத்தரும் சான்றிதழ் குடுக்கவில்லை, மேடையில் ஏற்றிப் பேசவிடவும் இல்லை.

கைதட்டினதுக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணிந்து இறங்கு என்று சொல்பவரிடம் நாங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி: விழுந்தால் கீழே என்ன இருக்கு? வெளிநாட்டில் அண்ணா, கொழும்பில் வீடு, வங்கியில் கொஞ்சக் காசு இருக்கிறவர் ஒரு வேலையை விட்டு இன்னொன்றைத் தொடங்கினால் அது துணிவு. அம்மாவின் தாலிக்கொடி ஏற்கனவே அடைவில் இருக்கிற வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் அது சூதாட்டம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கிறது நேர்மையில்லை.

மறுபக்கம், "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்ற எங்கட ஊர்ப் பழமொழி. கம்பஸுக்கு வந்த நாளிலிருந்து இதை நாங்கள் எவ்வளவு நக்கலடித்திருக்கிறோம்! மூத்தவர்களுக்குத் துணிவில்லை என்று முடிவுகட்டியும் விட்டோம். ஆனால் அந்த ஆசை சும்மா வந்ததில்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே இருந்த ஆட்களுக்குள்ளும் அரச உத்தியோகத்தருக்குச் சம்பளம் வந்தது. தோட்டமும் கடலும் கடையும் கைவிட்ட நேரத்தில் வந்த காசு அதுதான். இண்டைக்கும் வங்கியில் கடன் கேட்டுப் போனால், "கவுண்மேந்து உத்தியோகத்தர் ரெண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பார்கள். ஊருக்கு அந்தப் பழமொழியை ஒவ்வொரு நாளும் படிப்பிக்கிறது வங்கியும் கலியாணத் தரகரும்தான். அப்பா அம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

அதுக்காக அந்தப் பழமொழி சரி என்றும் நான் சொல்லவில்லை. 2022 எங்களுக்கு ஒரு பாடம். அந்த வருசம் புரட்டாதியில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அரச வேலை போகவில்லை, ஆனால் சம்பளம் கையிலேயே கரைந்தது. அதே வருசம், ஐந்து வருசம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போங்கள் என்று அரசே தன் உத்தியோகத்தர்களுக்கு வழிவிட்டது. 65 ஆக்கிய ஓய்வு வயதை வருச முடிவோடு 60க்கு இறக்கியது. கோழிப்பண்ணைக்காரரே மேய்ப்பவர்களைக் கட்டாருக்கு அனுப்பினால் பழமொழியை என்ன செய்வது?

இன்னொன்று, அந்த வேலைக்காகக் காத்திருக்கிற காலத்துக்கு ஒருத்தரும் விலை போடுவதில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாசக்கணக்கில் தெருவோரம் கொட்டகை போட்டு இருந்தார்கள். 2020இல் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் வந்தபோது மாசம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு அது கிடைத்தபோது பட்டம் பெற்று ஆறு வருசம். அந்த ஆறு வருசமும் அவ வேறொன்றையும் முழு மனசோடு தொடங்கவில்லை. "இண்டைக்கு நாளைக்கு வந்திடும் எண்டு இருந்திட்டன்" என்கிறா.

அப்ப என்னதான் சொல்ல வாறாய் என்று கேட்பீர்கள். இதுதான்: பாதுகாப்பு வேறு, அரச உத்தியோகம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் போட்டது எங்கட பிழை. பாதுகாப்பே தேவையில்லை என்று சொல்லுறது வளவாளரின் பிழை. சுகமில்லாத நாளில் சம்பளம், நிறுத்த முதல் ஒரு அறிவித்தல், வயது போனபின் கையில் ஒரு தொகை என்பவை தனியார் கடையில் நிற்பவருக்கும் உரித்தானவைதான்.

இதில் பாதி ஏற்கனவே சட்டத்தில் இருக்கு. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும், அவர் தற்காலிகம் என்றாலும் கட்டவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டவேண்டும்.

என் சொந்த அக்கா ஒரு புடவைக்கடையில் இரண்டு வருசம் நின்றா. ஒருநாள், "நாளையில இருந்து வரவேண்டாம், பிள்ளை" என்றார்கள். கடிதமில்லை, காரணமில்லை. ஆட்குறைப்பிலிருந்து காக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களை அடக்காது. அந்தக் கடையில் ஒன்பது பேர். சரி, சேமலாப நிதி? ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. அதைக் கேட்கலாம் என்று அவவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது! சோதனைக்கு மார்க்ஸின் உபரி மதிப்பு பற்றிப் பதினைந்து பக்கம் எழுதினவன் நான். அக்காவின் சம்பளத்தில் இருந்து எது களவு போனது என்று தெரியாமல் அதே வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். பிறகுதான் விசாரித்து, இரண்டு பேருமாகத் தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் குடுத்தோம். இன்னும் முடிவில்லை. ஆனால் அக்கடையில் நிற்கிற மற்றப் பிள்ளைகள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சட்டத்தின் மற்றப் பாதி இனித்தான் வரவேண்டும். சாப்பாட்டுப் பொதியோடு மழையில் ஓடுகிற பெடியனை "பங்காளர்" என்கிறார்கள். லாபத்தில் பங்கில்லாத, விழுந்தால் காயத்தில் மட்டும் முழுப்பங்குள்ள பங்காளர். அப்பாவின் மழைக்காலத்துக்கும் ஒரு ஏற்பாடும் இல்லை.

நான் சுத்தமானவன் இல்லை. என் மேசை லாச்சியில் ஆசிரியர் சேவைப் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள் இருக்கு. பக்கத்தில், நண்பர்களோடு தொடங்க நினைக்கிற சின்னப் பதிப்பகத்தின் கணக்குக் கொப்பியும் இருக்கு. இரண்டையும் மாறி மாறித் திறக்கிறேன். எது வெல்லும் என்று தெரியாது. அக்கா திரும்ப உழைக்கத் தொடங்கினால் இரண்டாவதைத் துணிந்து திறப்பேன் என்று மட்டும் தெரியும். கீழே தரை இருந்தால்தான் பாயலாம்.

அடுத்த செயலமர்வு அடுத்த மாசமாம். கைதட்ட முதல் நான் எழும்பிக் கேட்கப்போகிறேன்: "சேர், உங்கட நிறுவனத்தில வேலை செய்யிற ஆக்களுக்குச் சேமலாப நிதி கட்டுறீங்களோ?" நீங்களும் கேளுங்கோ. றோல்ஸ் ஆறினால் பரவாயில்லை.